எடைக்கு எடை வெல்லம்

எங்கள் ஊரில் ஐந்து வயதுக்குக் கீழே இருக்கும் அத்தனை பிள்ளைகளின் எடையும் எனக்கு மனப்பாடம். அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் அங்கன்வாடியில் பத்து வருஷத்துக்கு மேலாக டீச்சராக இருக்கிறேன். ஊரார் இன்னும் பால்வாடி என்றுதான் சொல்கிறார்கள். மாதம் தவறாமல் பிள்ளைகளை எடை போட்டு, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்பது என் வேலை. புள்ளி பச்சைப் பட்டையில் விழுந்தால் பிள்ளை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மஞ்சளில் விழுந்தால் கவனிக்க வேண்டும். சிவப்பில் விழுந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. இந்தப் பழக்கம் முற்றிப்போய், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைக்கூட மனசுக்குள் எடை போட்டுக்கொண்டிருப்பேன். ஒரு கிலோ முன்னே பின்னே சரியாகத்தான் இருக்கும்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் இரண்டு கிலோகூட இல்லாமல் ஒரு பெண் பிள்ளை பிறந்தது.

அப்போது எனக்கு ஏற்பட்ட வெட்கம் கொஞ்சநஞ்சமல்ல. ஊரில் உள்ள கர்ப்பிணிகளை எல்லாம் உட்காரவைத்து, கீரை சாப்பிடுங்கள், மத்தியானம் கொஞ்சம் படுங்கள் என்று பாடம் நடத்தியவள் நான். எனக்கே எட்டாம் மாதக் கடைசியில் கால் வீங்கி, பிரஷர் கண்டபடி ஏறி, ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போய் ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். "ஒரு கிலோ எண்ணூத்தம்பது கிராம்" என்று நர்ஸ் சொன்னபோது, பாதி மயக்கத்திலும் "தராசை ஜீரோ பண்ணிட்டுப் போட்டீங்களா?" என்று கேட்டேனாம். அந்த நர்ஸ் நான் ஆஸ்பத்திரியில் இருந்தவரை என்னை "ஜீரோ டீச்சர்" என்றே கூப்பிட்டார்.

என் வீட்டுக்காரர் கத்தாரில் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த இருபது நாளும் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. போனில் நான் காட்டிய பிள்ளையைப் பார்த்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "முருகனுக்கு வேண்டிக்கிட்டேன். என் ஆத்தா தேறி வரட்டும். ஆறு வயசு நிறையுறதுக்குள்ள விராலிமலைக்குக் கூட்டிட்டுப் போயி எடைக்கு எடை வெல்லம் குடுத்துடுறேன்" என்றார். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைகளை ஆத்தா என்று கொஞ்சுவோம். தராசின் ஒரு தட்டில் பிள்ளையை உட்காரவைத்து, மறு தட்டில் அதே எடைக்கு வெல்லத்தை வைத்து, அதைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டும். துலாபாரம் என்றால் அதுதான். அன்றைக்கு இருந்த எடைக்கு என்றால் வெல்லத்தை ஒரு துணிப்பையில் நானே எடுத்துக்கொண்டு போயிருக்கலாம்.

பேறுகால லீவு முடிந்து பிள்ளையோடு வேலைக்குத் திரும்பினேன். எங்கள் மையத்தில் ஆயா ஒருவர் இருக்கிறார். சமைப்பது, பிள்ளைகளைக் கூட்டி வருவது எல்லாம் அவர் பொறுப்பு. என்னைத் திட்டுவதையும் தானே எடுத்துக்கொண்டார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் நானும் வாங்கிக்கொள்வேன். கதவு நிலையில் தொங்கும் தராசில், இரண்டு கால் நுழையும் துணிப்பைக்குள் என் மகளை அவர்தான் இறக்கிவிட்டார். முள் ஆடி நின்றது.

"டீச்சர், செவப்புதான்" என்றார்.

"சத்தமா சொல்லாதீங்க" என்றேன்.

"ஊருக்கெல்லாம் நீங்க சத்தமாத்தான சொல்றீங்க?"

பேனாவை எடுத்து அட்டையில் சிவப்புக்குள் புள்ளி வைத்தேன். அன்று சாயங்காலமே முடிவு பண்ணிவிட்டேன், இந்தப் புள்ளியைப் பச்சைக்குக் கொண்டுபோகாமல் விடுவதில்லை என்று.

விடவும் இல்லை. தாய்ப்பால், பிறகு பருப்புச் சோறு, நெய், முட்டை, சத்துமாவு உருண்டை, வாழைப்பழம் என்று முறை வைத்துக் கொடுத்தேன். ஒன்றரை வயதில் மஞ்சளுக்கு வந்தாள். இரண்டு வயதில் பச்சைக்குள் வந்தாள். புள்ளி பச்சையில் விழுந்த பிள்ளைக்கு எல்லாத் தாய்மாரும் கைதட்ட வேண்டும் என்பது எங்கள் மையத்தில் நான் வைத்த வழக்கம். என் மகளுக்குக் கைதட்டியபோது நான் அழுதுவிட்டேன். அவளுடைய அட்டையை நகல் எடுத்து, பெரிதாக்கி, சுவரில் ஒட்டினேன். மற்ற தாய்மாருக்கு எடுத்துக்காட்டாக இருக்கட்டும் என்றுதான்.

"ஒட்டாதீங்க டீச்சர், கண்ணு பட்டுரும்" என்றார் ஆயா.

"படிச்ச பொம்பளைக்குக் கண்ணாவது காதாவது" என்று ஒட்டினேன். வீட்டுக்கு வந்ததும் பிள்ளை கன்னத்தில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிய மையாக வைத்தேன் என்பது ஆயாவுக்குத் தெரியாது.

பச்சைக்கு வந்த பிறகு நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஓடிப் பழகிய கால் நிற்கவில்லை. அது மட்டுமல்ல, வெள்ளிக்கிழமை தவறாமல் கத்தாரிலிருந்து வீடியோ கால் வந்துவிடும். எடுத்த எடுப்பில் அவர் கேட்பது, "என் ஆத்தா எத்தனை கிலோ?" என்பதுதான். நான் சாப்பிட்டேனா என்பது மூன்றாவதோ நான்காவதோ கேள்வியாக வரும். எடை ஏறியிருந்தால் பக்கத்தில் இருக்கும் அறைத் தோழர்களிடம் போனைத் திருப்பி, "பாத்தீங்களா, வெல்லம் கூடிக்கிட்டே போகுது" என்று சிரிப்பார். ஒரு மாதம் எடை ஏறாமல் நின்றால் அடுத்த பார்சலில் கூடுதலாகப் பால் பவுடரும் முக்கோணச் சீஸும் சிப்ஸும் வந்து இறங்கும். அந்தச் சீஸ் நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். என் மகளுக்கு அதுதான் உயிர். சோற்றுக்கு அப்பளம், மோருக்கு வடகம், வெறும் வாய்க்குச் சீஸ்.

சோறு ஊட்டுவதில் நான் ஒரு முறை வைத்திருந்தேன். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். பிள்ளை "போதும்" என்றால், அங்கேதான் இரண்டாவது சுற்றே தொடங்கும். அப்பாவுக்கு ஒரு வாய், அத்தைக்கு ஒரு வாய், பெரியப்பாவுக்கு ஒரு வாய், அப்பா வரப்போகிற ஏரோப்ளேனுக்கு ஒரு வாய். இரண்டு பக்கமும் சொந்தபந்தம் நிறைய உள்ள குடும்பம் எங்களுடையது. எல்லோரும் முடிந்த பிறகு, வேண்டாம் என்று தலையை ஆட்டவே முடியாதபடி, கடைசியாக முருகனுக்கு ஒரு வாய். அவளும் கண்ணை மூடிக்கொண்டு அதை விழுங்கிவிடுவாள்.

ஐந்து வயது நிறைந்தபோது இருபத்து மூன்றரைக் கிலோ. புள்ளி பச்சையின் மேல் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. அதற்கு மேலே வெறும் வெள்ளைத் தாள்தான். அங்கே போனால் என்ன என்று அட்டையில் நிறம் ஒன்றும் போடவில்லை. நானும் கேட்டதில்லை.

புரட்டாசியில் பிள்ளைகளைச் சோதிக்க ஒரு டாக்டரம்மா மையத்துக்கு வந்தார். பல், கண், காது எல்லாம் பார்த்துக்கொண்டே வந்தவர், என் மகள் பிறந்த கதையைக் கேட்டதும் பையிலிருந்து ஒரு சின்ன பிரஷர் கருவியை எடுத்தார். கையில் சுற்றும் பட்டையில் யானைப் படம் போட்டிருந்தது. என் மகள் வளையல் போட்டுக்கொள்வது போலக் கையை நீட்டினாள். டாக்டரம்மா ஒரு தடவை பார்த்தார். ஐந்து நிமிஷம் அவளிடம் கதை பேசிவிட்டு மறுபடி பார்த்தார். மூன்றாவது தடவையும் பார்த்துவிட்டு, ஒரு அட்டவணையில் விரலை ஓட்டினார்.

"பிரஷர் மேல் அளவு நூத்திப்பதினாலு, இவ வயசுக்கு நூத்தஞ்சுக்குள்ள இருக்கணும். கொஞ்சம் கூடுதலாக் காட்டுது. ஒரு நாள் பாத்து எதையும் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க, வேற வேற நாள்ல பாப்போம்" என்றார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "அஞ்சு வயசுப் பிள்ளைக்கு எங்கிட்டுங்க பிரஷர் வரும்? கடனா, மாமியாரா, அவளுக்கு என்ன கவலை? ஒங்க மிஷின் சரியில்ல" என்றேன். பிள்ளைகள் எல்லாம் சாப்பாட்டுத் தட்டோடு என்னையே பார்த்தன. டாக்டரம்மா கோபப்படவில்லை. சீட்டில் தேதியை எழுதிக் கையில் கொடுத்துவிட்டு ஜீப் ஏறினார்.

ஆயா சுவரில் இருந்த அட்டையை ஒரு பார்வை பார்த்தார். வாயைத் திறந்து திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

உள்ளுக்குள் எனக்குக் கோபத்தைவிட பயம்தான் அதிகம். பிரசவத்தில் ஏறிய பிரஷர் எனக்கு இறங்கவே இல்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு மாத்திரை போடுகிறேன். என் மகள் அம்மா விளையாட்டு விளையாடும்போது, சேலைக்குப் பதில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஒரு புதினா மிட்டாயை வாயில் போட்டு, தலையை அண்ணாந்து, தண்ணீர் குடிப்பது போல நடிப்பாள். அதைப் பார்த்து எத்தனை நாள் சிரித்திருக்கிறேன். அன்று சாயங்காலம், "எனக்கும் அம்மா மாதிரி மாத்திரை உண்டா?" என்று அவள் ஆசையாகக் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எதிர்வீட்டில் ஒரு ரிட்டையர்டு பஸ் டிரைவர் இருக்கிறார். மாமா என்று கூப்பிடுவேன். காலையில் காபி, பேப்பர், பிரஷர் என்பது அவர் ஒழுங்கு. அவருடைய கருவியை வாங்கிவந்து மகளின் கையில் சுற்றினேன். பட்டை இரண்டு சுற்று சுற்றி, தோளிலிருந்து முழங்கையைத் தாண்டிப் போனது. எண்பத்தெட்டு என்று காட்டியது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. மூன்று நாள் பார்த்தேன், மூன்று நாளும் தொண்ணூறுக்குக் கீழேதான். போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, டாக்டரம்மாவை ஒரு பிடி பிடித்துவிடும் எண்ணத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

போட்டோவைப் பார்த்ததும் அவர் சிரித்துவிட்டார். "இது பெரியவங்க கைக்கு உள்ள பட்டைம்மா. சின்னக் கையில சுத்துனா கொறைச்சுத்தான் காட்டும். அப்பா சட்டையைப் போட்டுவிட்டுட்டு, பிள்ளை எளைச்சுருச்சுன்னு சொல்ற மாதிரி."

பிள்ளை பிறந்த நிமிஷமே தராசை ஜீரோ செய்தீர்களா என்று கேட்டவள் நான். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. மகளை நாற்காலியில் முதுகு சாய்த்து உட்காரவைத்து, கால் தொங்காமல் ஒரு சின்ன முக்காலி போட்டு, டாக்டரம்மா பட்டையைச் சுற்றினார். காற்று ஏற ஏற, மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க மூச்சு விடுங்கம்மா" என்றார் டாக்டரம்மா. "அவ ஒங்களைப் பாத்து அவளும் அடக்கிட்டு இருக்கா."

திரும்பிப் பார்த்தால், என் மகள் கன்னத்தை உப்பிக்கொண்டு, கண்ணை உருட்டி, என்னைப் போலவே உட்கார்ந்திருக்கிறாள். என்னை வெளியே வராந்தாவில் போய் உட்காரச் சொல்லிவிட்டார்கள். நான் இல்லாமல் பார்த்தபோது கொஞ்சம் குறைந்தது. ஆனாலும் அவள் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதைவிடக் கூடுதல்தான். அடுத்த வாரமும் அப்படி. அதற்கடுத்த வாரமும் அப்படியே. சிறுநீரைச் சோதித்தார்கள், சிறுநீரகத்தை ஸ்கேன் எடுத்தார்கள். அதில் எல்லாம் குறை ஒன்றும் இல்லை.

"வளர்ச்சி அட்டை இருக்கா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

இருக்கா என்றா கேட்கிறார்? பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்ததை எடுத்து நீட்டினேன். அவர் ஒவ்வொரு புள்ளியாக விரல் வைத்துக்கொண்டே போனார். இரண்டு வயது வந்ததும் நிறுத்தி, "இவ்வளவு சின்னதாப் பொறந்த பிள்ளையை இங்கிட்டு வரைக்கும் கொண்டுவந்தது சாதாரணம் இல்ல. ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கீங்க" என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். விரல் மேலே நகர்ந்தது. "இதுக்கப்புறம் எதுக்கும்மா இவ்வளவு அவசரம்?"

நான் அட்டையின் பிளாஸ்டிக் உறையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"சின்னதாப் பொறந்து, பின்னாடி வேகவேகமா எடை ஏறுற பிள்ளைங்கள்ல சிலருக்கு இப்படி ஆகும். எல்லாருக்கும் ஆகாது. ஒங்களுக்கும் பிரஷர் இருக்கு, அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். பட்டினி போட வேணாம், எடையைக் குறைக்கவும் வேணாம். அப்படியே நிக்கட்டும், அவ உயரட்டும். உப்பைக் கொறைங்க, ஓடி ஆட விடுங்க. நடுவுல ரெண்டு தடவை வந்து காட்டுங்க. ஆறு மாசம் பாப்போம்."

"அதுக்குள்ள எறங்கலைன்னா?"

"மாத்திரையைப் பத்தி யோசிக்கணும்."

பஸ்ஸில் வரும்போது அவள் என் மடியில் தூங்கிவிட்டாள். கனமாக இருந்தாள். அந்தக் கனத்தை ஐந்து வருஷமாக நான்தான் கிராம் கிராமாகச் சேர்த்தேன், ஒவ்வொரு கிராமுக்கும் சந்தோஷப்பட்டேன். அன்றைக்கு அறந்தாங்கி வரும்வரை அழுதுகொண்டே வந்தேன். கண்டக்டர் இரண்டு தடவை "என்னக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை போன் வந்ததும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கேட்டதுமே, "சிப்ஸ், சீஸ் எல்லாம் இனிமே அனுப்பல" என்றார். உடனே ஒத்துக்கொண்டாரே என்று ஆறுதலாக இருந்தது. அடுத்து, "ஆனா எடை ஏறக்கூடாதுன்னா எப்படி? முருகனுக்குக் கொறைச்சுக் குடுக்கச் சொல்றியா?" என்றார்.

"கொறைச்சு இல்லங்க. என்ன எடை இருக்கோ அதுதான வேண்டுதல்?"

"பிள்ளை மாசம் அரைக் கிலோ ஏறுறா. பங்குனியில நான் வரும்போது இருபத்தாறரை இருக்கணும். நான் கணக்குப் போட்டு வச்சிருக்கேன்."

அந்தக் கணக்கை அவருக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். யாரைத் திட்டுவது?

அந்த ஆறு மாதத்தில் உப்பு ஒரு பிரச்சினையாகவே இல்லை. அப்பள டப்பா பரணுக்குப் போனது. இரண்டு வாரம் அழுதாள், பிறகு மறந்துவிட்டாள். எதிர்வீட்டு மாமா ஒரு பழைய சின்ன சைக்கிளைச் சரிபண்ணிக் கொடுத்தார். பள்ளிக்கூட மைதானத்தில் சாயங்காலம் முழுக்க அதை மிதித்தாள். மிதித்தது போக மீதி நேரம் விழுந்தாள். முட்டியில் காயம் இல்லாத நாளே கிடையாது. கஷ்டமாக இருந்தது ஒரே ஒரு சொல்தான். போதும் என்ற சொல்.

முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டில், பாதிக் கிண்ணம் முடிந்ததும் "போதும்மா" என்றாள். என் கை பழக்கத்தில் அடுத்த வாயை உருட்டிவிட்டது. அத்தைக்கு ஒரு வாய் என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, "சரிடா, போய்க் கையைக் கழுவு" என்றேன். அவள் போகவில்லை. ஏதோ குறைவது போல என் முகத்தையே பார்த்தாள். "முருகனுக்கு?" என்று கேட்டாள். "முருகன் சாப்பிட்டாச்சு" என்று சொல்லி அந்த உருண்டையை என் வாயில் போட்டுக்கொண்டேன். அவளுக்கு எப்போது வயிறு நிறையும் என்று அவளுக்குத் தெரியும் என்பதே, ஐந்து வருஷத்தில் எனக்குத் தோன்றியதில்லை. ஊட்டியவளுக்கு அதைவிட வேறென்ன வெட்கம் வேண்டும்?

அன்றிலிருந்து மிச்சம் எல்லாம் என் வாய்க்குள் போயிற்று. வீணாக்க மனசு வராது. தை மாதம் ஆயா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டீச்சர், பிள்ளைக எடை போட்டாச்சு. இப்ப நீங்க பெரிய தராசுல ஏறுங்க" என்றார். ஏறினேன். மூன்று கிலோ கூடியிருந்தது. மகள் ஒரு கிராம் ஏறவில்லை, அவளுடைய பங்கை முழுசாக நானே சுமந்திருந்தேன். அதன் பிறகுதான் அளவாகச் சமைக்கக் கற்றுக்கொண்டேன்.

சுவரில் இருந்த அவளுடைய அட்டையை என் மேலேயே இருந்த கோபத்தில் அந்த ஆறு மாதத்தின் முதல் வாரமே கிழித்து எடுத்துவிட்டேன். வெற்றுச் சுவரில் பசைத் தடம் மட்டும் இருந்தது. கார்த்திகையில் உயரம் அளந்தபோது ஒன்றரை செண்டிமீட்டர் கூடியிருந்தாள், எடை நின்ற இடத்திலேயே நின்றது. அன்றைக்கு உயரத்தையும் குறித்து வேறொரு நகல் எடுத்து அதே இடத்தில் ஒட்டினேன். இப்போது தாய்மார் யாராவது "எம்பிள்ளை பச்சையில மேல போயிருச்சா டீச்சர்?" என்று கேட்டால், உயரத்தையும் சேர்த்துப் பார்க்காமல் நான் வாயைத் திறப்பதில்லை. சின்னதாகப் பிறந்த பிள்ளை என்றால் பிரஷர் பார்த்தாயிற்றா என்றும் கேட்கிறேன். சிலர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். நான் டாக்டரம்மாவைப் பார்த்த பார்வைதான் அது.

பங்குனியில் என் வீட்டுக்காரர் வந்து இறங்கினார். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்ததும் அவர் முகம் கொஞ்சம் வாடியது. "எளைச்சுட்டாளே" என்றார்.

"எளைக்கல, நீண்டிருக்கா" என்றேன்.

மறுநாள் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நடுவில் இரண்டு தடவை போனபோதே இறங்குமுகம் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் ஆறு மாதக் கடைசிக் கணக்கு இதுதான். நான் யாரும் சொல்லாமலே வராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே மகளோடு அவர் மட்டும் இருந்தார். வராந்தாவில் நான் எண்ணியது சுவரில் இருந்த டைல்ஸ்களை. எண்பதுக்கு மேல் போனபோது கதவு திறந்தது. டாக்டரம்மாவே வெளியே வந்தார்.

"தொண்ணூத்தெட்டு" என்றார். "மூணு தடவை பாத்துட்டேன். யானைப் பட்டையிலதான்."

நான் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒங்க மிஷின் சரியில்ல என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஆனால் "மாத்திரை வேணாம்ல?" என்று மட்டும் கேட்டேன். "வேணாம். ஆனா வருஷா வருஷம் பாக்கணும்" என்றார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, "ஒங்க வீட்டுக்காரருக்கும் பாத்தேன். அவருக்குத்தான் ஏறியிருக்கு" என்றார். உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. "அது ஏரோப்ளேன்ல வந்த களைப்புங்க. மிஷின்லயும் கொஞ்சம் இருக்கும்."

செவ்வாய்க்கிழமை வேன் பிடித்து விராலிமலைக்குப் போனோம். ஆயாவும் எதிர்வீட்டு மாமாவும் வந்தார்கள். உருண்டை வெல்லம் இருபத்தேழு கிலோ, இரண்டு சாக்கில். இருபத்தாறரைக்குக் கணக்குப் போட்டு, முருகனுக்குக் குறையக் கூடாது என்று அரைக் கிலோ கூட்டி அவர் வாங்கியிருந்தார். நான் எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. படி ஏறும்போது மகள் மயில் சத்தம் வந்த பக்கமெல்லாம் முன்னால் ஓடினாள். பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்து, "சீக்கிரம் வாங்கப்பா" என்றாள். அவர் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்து, வேட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே வந்து சேர்ந்தார்.

ஒரு தட்டில் அவளை உட்காரவைத்தார்கள். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, பட்டுப்பாவாடையை ஒழுங்கு பண்ணிக்கொண்டு, பெரிய மனுஷி மாதிரி உட்கார்ந்தாள். மறு தட்டில் அவர் வெல்லத்தை அடுக்க ஆரம்பித்தார். ஒரு சாக்கு முழுசாக ஏற்றினார். இரண்டாவது சாக்கையும் கடைசி உருண்டை வரை வைத்தார். வெல்லத் தட்டு தரையில் போய் உட்கார்ந்தது. என் மகள் உயரே போய்விட்டாள். காலை ஆட்டிக்கொண்டு கலகலவென்று சிரித்தாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் மேலே இருந்த மகளைப் பார்த்தேன்.

"எடுக்கணும்ங்க. தட்டு சரியா நிக்கணும்" என்றார் தராசுக்காரர்.

அவர் ஒரு உருண்டையை எடுத்தார். தட்டு அசையவில்லை. இன்னொன்றை எடுத்தார். ஒவ்வொரு உருண்டைக்கும் அவருக்கு மனசு வலித்தது, முகத்திலேயே தெரிந்தது. எனக்கோ ஒவ்வொன்றுக்கும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கிராம் ஏறாதா என்று கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றவள், இப்போது ஒரு உருண்டை குறைந்ததற்கு அழுதுகொண்டே சிரிக்கிறேன். ஆயா முந்தானையை விரித்து, எடுத்த வெல்லத்தை எல்லாம் வாங்கிக்கொண்டார். மையத்துப் பிள்ளைகளுக்குப் பொங்கல் வைக்கலாம் என்று மெதுவாகச் சொன்னார். அளவாப் போடுங்க என்றேன்.

மூன்று கிலோ சொச்சம் எடுத்த பிறகு வெல்லத் தட்டு மெல்லத் தரையை விட்டு எழுந்தது. அவள் இருந்த தட்டு இறங்கி வந்தது. இரண்டு தட்டும் ஒரே மட்டத்தில் வந்து, லேசாக ஆடி, நின்றன. அவருக்கு ஆசை விடவில்லை. கையில் இருந்த கடைசி உருண்டையைத் திரும்பவும் தட்டில் வைக்கப் போனார். "முருகனுக்கு இன்னும் ஒண்ணு" என்றார்.

"போதும்ப்பா" என்றாள் மகள்.

அவர் கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு அந்த உருண்டையை ஆயாவின் மடியில் போட்டுவிட்டு, அவளைத் தட்டிலிருந்து தூக்கிக்கொண்டார்.